செக் நாட்டுக்குப் பீர் பயணம் போறீங்களா? ஒவ்வொரு ஊரின் கதையையும் படிச்சிட்டுப் போங்க

1/


ஜெர்மனி, போலந்து, நெதர்லாந்து என்று வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கும் நம்ம ஊர் பிள்ளைகள் நாலு நாள் லீவு கிடைத்தால் செக் குடியரசுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். "டாக்டர், பீருக்குன்னே ஒரு டூர் போறோம். எந்தெந்த ஊர் போகலாம்?" என்று இன்பாக்ஸில் கேட்பவர்களும் உண்டு.

அரசு மருத்துவமனை டாக்டரிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால், மருத்துவமும் வரலாறும் இந்த அளவுக்குக் கலந்திருக்கும் பயணம் வேறு எதுவும் இல்லை. அதனால் இந்த நீண்ட இழை. கடைசியில் ஒரு டாக்டராகச் சில கணக்குகளும் சொல்வேன். அதையும் படிச்சிட்டுத்தான் போகணும்.

2/
செக் மக்கள் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 120 முதல் 140 லிட்டர் வரை பீர் குடிப்பவர்கள். பல ஆண்டுகளாக உலகில் முதலிடம்.

"அந்தக் காலத்தில் தண்ணீர் சுத்தமாக இருக்காது, அதனால எல்லாரும் பீர்தான் குடிச்சாங்க" என்று ஒரு கதை சுற்றுகிறது. முழு உண்மை இல்லை. ஐரோப்பிய நகரங்கள் கிணறுக்கும் நீர்க்குழாய்க்கும் செலவு செய்தன, மக்கள் தண்ணீரும் குடித்தார்கள். பீர் உணவாக, வருமானமாக, உரிமையாக இருந்தது என்பதுதான் முக்கியம்.

ஆமாம், உரிமை. யார் பீர் காய்ச்சலாம் என்பதை அரசன்தான் முடிவு செய்வான். இந்தப் பயணத்தின் சாவி அந்த ஒரு சொல்.

3/
பயணத் திட்டம் சுருக்கமாக: பிராக் 2 நாள், பில்சன் 1 நாள், ஜாடெட்ஸ் 1 நாள், செஸ்கே புத்யேயோவிட்சே 1 நாள், பிர்னோ 1 நாள். மொத்தம் 6 நாள்.

எல்லாமே ரயிலில், பஸ்ஸில் போகக்கூடிய தூரம்தான். கார் எடுக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வாங்க, பிராக்கிலிருந்து ஆரம்பிப்போம்.

4/
பிராக்கில் முதலில் பிரெவ்னோவ் மடம். கி.பி. 993ல் தொடங்கப்பட்ட பெனடிக்ட் துறவிகளின் மடம். அங்கே பீர் காய்ச்சிய வரலாறும் மடத்தின் வயதோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. இன்றும் மடத்து வளாகத்தில் பீர் ஆலை உண்டு.

அடுத்து உ ஃப்லெக்கு. 1499லிருந்து பதிவுள்ள பழைய பீர்க்கடை. கறுப்பு நிறத்தில் ஒரே வகை பீருக்குப் பேர்போனது, அதையும் அங்கேயே காய்ச்சுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் கூட்டம் அதிகம். ஆனால் 500 ஆண்டு பழைய தொழில் அதே இடத்தில் நடப்பதைப் பார்க்க ஒரு தடவை உள்ளே போகலாம்.

5/
இப்போ எங்க துறை ஆள் ஒருவரை அறிமுகம் செய்கிறேன். தாதேயாஷ் ஹாயெக். 16ஆம் நூற்றாண்டு பிராக் மருத்துவர். பேரரசர் 2ஆம் ருடால்ஃபுக்கே வைத்தியம் பார்த்தவர். 1585ல் லத்தீனில் பீர் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எப்படிக் காய்ச்சுவது, அதன் குணம் என்ன, உடலில் என்ன செய்யும் என்று ஒரு மருத்துவர் எழுதிய நூல்.

சும்மா இருக்கவில்லை மனுஷன். 1572ல் வானில் திடீரெனத் தோன்றிய புது நட்சத்திரத்தையும் கவனித்து ஆராய்ந்தார். டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹே பிராக் வந்து சேர்ந்ததிலும் இவர் பங்கு உண்டு.

6/
டைக்கோவின் முடிவு டாக்டர்களுக்கு மறக்காது. 1601 அக்டோபரில் ஒரு விருந்து. நன்றாகக் குடித்திருக்கிறார். பாதியில் எழுந்து போனால் மரியாதைக் குறைவு என்று சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்தபின் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. காய்ச்சல், பிதற்றல். 11 நாளில் மரணம். கூட இருந்த கெப்ளர் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

பாதரச விஷம் கொடுத்துக் கொன்றார்கள் என்று ஒரு வதந்தி நெடுநாள் ஓடியது. 2010ல் கல்லறையைத் திறந்து சோதித்துப் பார்த்தார்கள். சாகும் அளவுக்குப் பாதரசம் இல்லை.

அவர் கல்லறை பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் உள்ள தீன் தேவாலயத்தில் இருக்கிறது. பீர் பயணம் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போங்க. வந்தால் அடக்காதீங்க. அவ்வளவுதான் பாடம்.

7/
பிராக்கில் கடைசியாக உ ஸ்லாடேஹோ திக்ரா, அதாவது தங்கப் புலி. எழுத்தாளர் பொஹுமில் ஹ்ரபால் தினமும் வந்து உட்கார்ந்த கடை. அவர் வளர்ந்ததே நிம்பூர்க் ஊரின் பீர் ஆலையில். வளர்ப்புத் தந்தை அங்கே நிர்வாகி.

1994 ஜனவரியில் செக் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல், அமெரிக்க அதிபர் பில் கிளின்டனை இந்தக் கடைக்குத்தான் கூட்டி வந்தார். உட்கார்ந்து பேசியது ஹ்ரபாலுடன்.

ஹாவெலுக்கும் பீருக்கும் இன்னொரு கணக்கு இருந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி அவர் நாடகங்களைத் தடை செய்திருந்த காலத்தில், 1974ல், ட்ருட்னோவ் ஊரின் பீர் ஆலையில் பீப்பாய் உருட்டும் வேலை பார்த்தார். அதை வைத்தே ஒரு நாடகம் எழுதினார். 15 ஆண்டு கழித்து அதே ஆள் நாட்டின் அதிபர்.

8/
அடுத்து பில்சன். பிராக்கிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்.

1295ல் அரசர் 2ஆம் வாட்ஸ்லாவ் உருவாக்கிய ஊர். சுமார் 260 வீட்டுக்காரர்களுக்குப் பீர் காய்ச்சும் உரிமை கிடைத்தது. வீட்டை விற்றால் உரிமையும் வீட்டோடு போகும். நம்ம ஊரில் நிலத்தோடு கிணற்றுப் பாத்தியதை போகிற மாதிரி.

ஆனால் ஆளாளுக்குக் காய்ச்சினால் தரம் எப்படி இருக்கும்? 1838ல் கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை நகர மன்றத்தின் முன்னாலேயே கொட்டினார்கள். மறு ஆண்டு உரிமைக்காரர்கள் கூடி முடிவெடுத்தார்கள்: எல்லாரும் சேர்ந்து ஒரே ஆலை கட்டுவோம்.

9/
ஆலைக்கு ஆள் பவேரியாவிலிருந்து வந்தார். யோசஃப் க்ரோல், ஃபில்ஸ்ஹோஃபன் ஊர்க்காரர், வயது 29. 1842 அக்டோபர் 5ல் முதல் முறை காய்ச்சினார். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் ஊர் குடித்துப் பார்த்தது.

அதுவரை பீர் என்றால் பெரும்பாலும் கறுப்பு அல்லது கலங்கல் பழுப்பு. இது பொன்னிறம். கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் அந்தப் பக்கம் தெரியும்.

10/
எப்படி வந்தது இந்த நிறமும் சுவையும்? நாலு காரணம்.

ஒன்று, மால்ட். முளைகட்டிய பார்லியைப் புகை படாமல் சூடான காற்றில் உலர்த்தும் ஆங்கிலேய முறை. கருகாததால் வெளிர் நிறம்.

இரண்டு, தண்ணீர். பில்சன் நீரில் உப்பும் தாதுக்களும் மிகக் குறைவு. அதனால் ஹாப்ஸ் பூவின் கசப்பு நாக்கில் உறுத்தாது.

மூன்று, ஜாடெட்ஸ் ஊர் ஹாப்ஸ்.

நான்கு, குளிரில் மெதுவாக வேலை செய்யும் லாகர் ஈஸ்ட். அதற்காகத்தான் மண்ணுக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் நிலவறை வெட்டினார்கள். ஆலைச் சுற்றுலா அந்த நிலவறையில்தான் முடியும். வடிகட்டாத பீரை மரப் பீப்பாயிலிருந்து பிடித்துத் தருவார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்க.

11/
இன்று உலகில் விற்கும் பீரில் பெரும்பகுதி இந்த வெளிர் லாகர் குடும்பம். நம்ம டாஸ்மாக் அலமாரியில் நிற்பவற்றில் பெரும்பாலானவையும் அதே குடும்பத்துத் தூரத்துச் சொந்தம்தான்.

ஊரின் பெயரே 'பில்ஸ்' என்று பொதுப்பெயர் ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பில்ஸ் காய்ச்ச ஆரம்பித்தார்கள். அதனால்தான் பில்சன் ஆலை 1898ல் 'மூல ஊற்று' என்ற பொருளில் பில்ஸ்னர் ஊர்க்வெல் என்ற பெயரைப் பதிவு செய்தது.

க்ரோல்? ஒப்பந்தம் 1845ல் முடிந்தது, ஊருக்குத் திரும்பிவிட்டார். செக் தேசத்தின் பெருமை என்று சொல்லப்படும் பீரை முதலில் காய்ச்சியவர் ஒரு ஜெர்மன்காரர். இதை நினைவில் வையுங்க. மேலே போகப் போக இது பெரிதாகும்.

12/
பில்சனில் ஆலையோடு திரும்பி வந்துவிடாதீங்க. பெரிய யூத ஜெபாலயம் இருக்கிறது. 1893ல் திறக்கப்பட்டது, ஐரோப்பாவின் மிகப் பெரிய ஜெபாலயங்களில் ஒன்று. ஆலையின் புகழ்பெற்ற நுழைவாயில் வளைவு 1892. இரண்டும் ஒரே காலம், ஒரே ஊரின் செழிப்பு.

1942 ஜனவரியில் மூன்று ரயில்களில் 2,600க்கும் மேற்பட்ட யூதர்களை இந்த ஊரிலிருந்து தெரெசீன் முகாமுக்கு ஏற்றிப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். கட்டடம் தப்பித்தது. உள்ளே தொழ ஆள் இல்லை.

13/
மூன்றாவது ஊர் ஜாடெட்ஸ். பலரும் தவிர்த்துவிடும் ஊர். தவிர்க்காதீங்க.

உலகம் முழுக்கப் பீர் ஆலைகள் மதிக்கும் ஹாப்ஸ் விளையும் பகுதி. ஜெர்மனில் இதன் பெயர் ஸாஸ். 2023ல் இந்த ஊரையும் சுற்றியுள்ள ஹாப்ஸ் வயல்களையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உயரமான கம்பங்கள், கம்பிகள், அதில் ஏறும் கொடிகள், ஹாப்ஸ் உலர்த்தும் பழைய பெரிய கிடங்குகள். வெற்றிலைக் கொடிக்கால் பார்த்தவர்களுக்கு, அதையே மூன்று ஆள் உயரத்துக்குக் கட்டிய மாதிரி இருக்கும்.

14/
இந்தக் கிடங்குகளைக் கட்டியவர்களும் ஹாப்ஸ் வணிகம் செய்தவர்களும் யார்? பெரும்பாலும் ஜெர்மன் பேசியவர்கள். அவர்களில் யூதர்களும் நிறைய.

1938 மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஹிட்லர் இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டார். யூதர்கள் விரட்டப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள்.

1945ல் போர் முடிந்தது. இப்போது பழிவாங்கும் முறை. ஜூன் மாதம் ஜாடெட்ஸின் ஜெர்மன் ஆண்களைப் பக்கத்து ஊரான போஸ்டோலோப்ர்ட்டிக்கு நடத்திக் கூட்டிப்போய்ச் செக் ராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள். 1947ல் அங்கே தோண்டி எடுத்த உடல்கள் 763. மொத்தத்தில் சுமார் 30 லட்சம் ஜெர்மன் மொழிக்காரர்கள் நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

போஸ்டோலோப்ர்ட்டியில் நினைவுப் பலகை வைக்க 2010 வரை ஆனது.

15/
அழகான கிடங்குக் கட்டடங்களைப் படம் எடுக்கும்போது இதையும் தெரிந்துகொண்டு எடுங்க. யுனெஸ்கோ பட்டியலில் கட்டடம் ஏறும், கொடி ஏறும். கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்க மாட்டார்கள்.

ஒரு தரப்பு செய்த கொடுமை பெரியது என்பதால் இன்னொரு தரப்பு செய்தது இல்லாமல் போய்விடாது. செக் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் இதைத் தாங்களாகவே பேச ஆரம்பித்திருப்பது அந்தச் சமூகத்தின் மீது மரியாதையைத்தான் கூட்டுகிறது.

16/
நான்காவது, செஸ்கே புத்யேயோவிட்சே. 1265ல் அரசர் 2ஆம் ஒட்டகர் அமைத்த ஊர். அவர் பெயரிலேயே பிரம்மாண்டமான சதுக்கம். ஊரின் ஜெர்மன் பெயர் புட்வைஸ். 'புட்வைசர்' என்றால் புட்வைஸ்காரர், நம்ம ஊரில் மதுரைக்காரர் என்கிற மாதிரி. மேட்டர் இங்கேதான் சூடுபிடிக்கிறது.

1795ல் ஜெர்மன் பேசிய நகரத்தார் ஓர் ஆலை தொடங்கினார்கள். 1895ல் செக் மொழிக்காரர்கள் பங்குகள் போட்டுப் போட்டி ஆலை தொடங்கினார்கள். அதுதான் இன்றைய புத்வார்.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1876ல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆன்ஹைசர் புஷ் நிறுவனம் 'பட்வைசர்' என்ற பெயரில் ஒரு பீரை இறக்கியது.

17/
ஊர்ப் பெயர் யாருக்குச் சொந்தம்? முதலில் பதிந்தவருக்கா, ஊரில் இருப்பவருக்கா? நம்ம ஊர் அல்வாவுக்கும் பால்கோவாவுக்கும் புவிசார் குறியீடு பேசுகிறோமே, அதே சண்டைதான்.

1911ல் ஓர் ஒப்பந்தம். பிறகு 1939ல் இன்னொன்று. 1939 மார்ச்சில்தான் ஹிட்லரின் படை பிராக்குக்குள் நுழைந்தது. அந்த நேரத்தில் செக் ஆலை வட அமெரிக்காவில் அந்தப் பெயருக்கான உரிமையை விட்டுக்கொடுத்தது. எந்தச் சூழலில் கையெழுத்து விழுகிறது என்பதையும் சேர்த்துத்தான் ஒப்பந்தத்தைப் படிக்கணும்.

அதன் விளைவு இன்றும் தெரியும். செக் பீர் அமெரிக்காவில் 'செக்வார்' என்ற பெயரில் விற்றது. அமெரிக்க பீர் ஐரோப்பாவின் பல நாடுகளில் வெறும் 'பட்' என்ற பெயரில்தான் விற்கும். பிரிட்டனில் இரண்டுமே பட்வைசர்.

18/
1989க்குப் பிறகு செக் நாட்டில் பெரும்பாலான பீர் ஆலைகள் தனியாருக்குப் போயின. பில்சன் ஆலை கை மாறி மாறி இன்று ஜப்பானின் அசாஹியிடம் இருக்கிறது. ஆனால் புத்வாரை அரசு விற்கவில்லை. அமெரிக்க நிறுவனம் கேட்டும் கொடுக்கவில்லை. இன்றும் அது அரசு நிறுவனம்.

1795ல் தொடங்கிய அந்த மூத்த ஆலையை 2014ல் ஆன்ஹைசர் புஷ் குழுமம் வாங்கிவிட்டது. ஆக, பெயருக்காகச் சண்டை போட்ட இரண்டு பேரும் இப்போது ஒரே ஊரில் அண்டை வீட்டார்.

19/
கடைசி ஊர் பிர்னோ. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ஃப்ரான்டிஷெக் போவ்பியே என்ற பீர் வல்லுநர் வாழ்ந்தார். கைப்பக்குவத்தை நம்பாதே, தெர்மாமீட்டரை நம்பு என்று செக் நாட்டு ஆலைகளுக்குச் சொன்னவர். ஐரோப்பிய மருத்துவமனைகளில் காய்ச்சலைத் தெர்மாமீட்டரால் அளந்து எழுதும் பழக்கம் பரவியது 1860களுக்குப் பிறகுதான். பீர்க்காரர்கள் எங்களை முந்திவிட்டார்கள்.

ஸ்டாரோபிர்னோ ஆலை இருப்பது மெண்டல் சதுக்கத்தில். எந்த மெண்டல்? பத்தாம் வகுப்பு அறிவியலில் பட்டாணிச் செடி மெண்டல்தான். அவர் இருந்த மடம் பக்கத்திலேயே இருக்கிறது. 1856 முதல் 1863 வரை அங்கேதான் பட்டாணி வளர்த்துக் கலப்பினம் செய்து பார்த்தார். மடத்தில் அருங்காட்சியகம் உண்டு.

20/
இதில் ஓர் அழகான முடிச்சு. லாகர் ஈஸ்டே ஒரு கலப்பினம். ரொட்டிக்குப் போடும் ஈஸ்டும், குளிர் தாங்கும் ஒரு காட்டு ஈஸ்டும் சேர்ந்து பிறந்தது. அந்தக் காட்டுப் பெற்றோர் யார் என்று நெடுநாள் தெரியாமல் இருந்தது. 2011ல் தென் அமெரிக்காவின் படகோனியா காடுகளில் கண்டுபிடித்தார்கள். பின்னர் திபெத்திலும் அயர்லாந்திலும் கிடைத்தது.

கலப்பினத்தின் விதியை மெண்டல் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஆலையின் தொட்டியில் ஒரு கலப்பினம் நுரைத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

21/
இப்போ டாக்டர் பேசுகிறேன்.

செக் பீரில் 10°, 12° என்று போட்டிருக்கும். அது ஆல்கஹால் அளவு அல்ல. பிராக் பேராசிரியர் பாலிங் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த அளவுமுறை. புளிக்கும் முன் சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரைச் சத்தைச் சொல்வது. தோராயமாக 10° என்றால் 4 சதவீத ஆல்கஹால், 12° என்றால் 5 சதவீதம்.

அரை லிட்டர் குவளை, 5 சதவீதம்: அதில் சுமார் 20 கிராம் ஆல்கஹால். சராசரி உடல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். ஒரு குவளைக்கு 2 முதல் 3 மணி நேரம். இரவு நாலு குவளை குடித்துப் படுத்தால் காலை எட்டு மணிக்கும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். காபியோ குளியலோ இதை வேகப்படுத்தாது.

செக் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்யம். சைக்கிளுக்கும்தான். கார் வேண்டாம் என்றது இதற்காக.

22/
வயிறு காலியாக உட்காராதீங்க. குவளைக்கு ஒரு கோடு என்று மேசையில் இருக்கும் துண்டுச் சீட்டில் போட்டுக்கொண்டே போவார்கள். அந்தக் கோடுகளை எண்ணுங்க, அதுதான் உங்க டோஸ் சார்ட்.

கல்லீரல் நோய், கணைய அழற்சி, கர்ப்பம், தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, மெட்ரோனிடசோல், சில சர்க்கரை மாத்திரைகள்: இதில் எது இருந்தாலும் பீர் வேண்டாம். அங்கே 'பிரெல்' போன்ற ஆல்கஹால் இல்லாத பீர் எங்கும் கிடைக்கும், யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள்.

2012 செப்டம்பரில் அதே நாட்டில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் பல பத்துப் பேர் இறந்தார்கள். 20 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவகை விற்பனையையே அரசு தற்காலிகமாக நிறுத்தியது. மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத சாராயத்தை எந்த நாட்டிலும் தொடாதீங்க. அதன் விலை என்ன என்று கள்ளக்குறிச்சி நமக்குச் சொல்லிவிட்டது.

23/
ஆல்கஹால் முதல் வகைப் புற்றுநோய்க் காரணி. எந்த அளவும் முழுப் பாதுகாப்பு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023லேயே சொல்லிவிட்டது. பீரின் வரலாறு எவ்வளவு அழகாக இருந்தாலும் கல்லீரலுக்கு வரலாறு தெரியாது.

குடிப்பதும் குடிக்காததும் உங்க முடிவு. குடிக்காதவர்களுக்கும் இந்தப் பயணத்தில் குறை ஒன்றும் இல்லை. தீன் தேவாலயம், பில்சன் ஜெபாலயம், ஜாடெட்ஸ் வயல், ஒட்டகர் சதுக்கம், மெண்டல் தோட்டம்: எதற்கும் குவளை தேவையில்லை.

போகிறவர்கள் ஜாடெட்ஸை மட்டும் விட்டுடாதீங்க. போய் வந்து சொல்லுங்க. ரயில் நேரம், முன்பதிவு பற்றி அனுபவம் உள்ளவர்கள் கமெண்டில் எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.